‘இஃப்’ வந்தால் வினை எப்படி மாறும்? ஆங்கில நிபந்தனை வாக்கியங்கள் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று நான்கு கண்டிஷனலையும் மனப்பாடம் செய்தாகிவிட்டது. தேர்வில் கோடிட்ட இடத்தையும் சரியாக நிரப்ப முடிகிறது. ஆனால் பேச வாயெடுத்தால் எதைப் போடுவது என்று திணறல். ‘இஃப்’ இருக்கும் பகுதியில் ‘வில்’ வரவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களோ சில இடங்களில் தாராளமாகப் போடுகிறார்கள். அப்புறம், ‘இஃப் ஐ வாஸ்’ சரியா, ‘இஃப் ஐ வேர்’ சரியா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்; வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் அந்த நான்கு எண்கள். அவை பாடப்புத்தகம் வைத்த பெயர்கள், அவ்வளவுதான். வகுப்பில் பாடம் பிரித்து நடத்த வசதியானவை. 1985-இல் மொழியியலாளர் ராண்டால்ஃப் குவர்க் குழுவினர் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலிலும் சரி, 2002-இல் ஹடில்ஸ்டன், புல்லம் என்ற மொழியியலாளர்கள் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்திலும் சரி, அடிப்படைப் பிரிவு இரண்டே இரண்டுதான். பேசுகிறவர் ‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’ என்று கதவைத் திறந்து வைத்துப் பேசுவது ஒன்று. ‘இது நிஜமில்லை, அல்லது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விலகி நின்று பேசுவது இன்னொன்று. இந்த இரண்டில் எது என்று முடிவு செய்துவிட்டு, பேச்சு எந்தக் காலத்தைப் பற்றியது என்று பார்த்தால் போதும், வினை வடிவம் தானாக அமைந்துவிடும். பேச்சில் திணறுவதற்குக் காரணமே, இந்த முடிவை எடுக்காமல் ‘இது எத்தனையாவது கண்டிஷனல்?’ என்று தேடிக்கொண்டிருப்பதுதான் என்பது என் கருத்து.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்று ஒருவர் சொல்கிறார். பையில் பணம் இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை, இருந்தால் வாங்கிவிடுவார் என்று பொருளா? அல்லது கையில் காசே இல்லை, வெறும் ஆசையைச் சொல்கிறாரா? தமிழில் வாக்கியம் ஒன்றுதான். குரலும் சந்தர்ப்பமும் மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலம் இந்த வசதியைத் தராது. பார்க்கவேண்டியதுதான் பாக்கி என்றால் ‘இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ வில் பை இட்’. இல்லாத பணத்தைக் கற்பனை செய்வதென்றால் ‘இஃப் ஐ ஹேட் த மணி, ஐ வுட் பை இட்’. வாய் திறக்கும் முன்பே எந்தப் பக்கம் என்று தீர்மானித்தாக வேண்டும். நாம் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

‘ஹேட்’ இறந்தகாலம் ஆயிற்றே, இப்போது இல்லாத பணத்துக்கு அது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் இறந்தகால வடிவத்துக்கு வேலை ஒன்றல்ல. நடந்து முடிந்ததைச் சொல்வது ஒரு வேலை. நிஜத்திலிருந்து ஓரடி பின்வாங்கி நிற்பது இன்னொரு வேலை. நமக்கும் இது புதிதல்ல. ‘நாளைக்கு மழை வந்தால்’ என்கிறோம். ‘வந்தது’, ‘வந்தான்’ என்பதில் உள்ள அதே இறந்தகால அடிமேல்தான் ‘ஆல்’ ஏறி நிற்கிறது. ‘போனால்’, ‘கிடைத்தால்’, ‘படித்தால்’ எல்லாம் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், தமிழ் பெரும்பாலும் எல்லா நிபந்தனைக்கும் இந்த அடியையே பயன்படுத்துகிறது. ஆங்கிலம் விலகி நிற்கும்போது மட்டும் பயன்படுத்துகிறது.

மரியாதைக்கும் ஆங்கிலம் இதே பின்வாங்கலைத்தான் பயன்படுத்துகிறது. ‘கேன் யூ’ என்பதைவிட ‘குட் யூ’ பணிவாக ஒலிப்பதும், ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்’ என்று இறந்தகாலத்தில் உதவி கேட்பதும் இதனால்தான். ‘ஐ விஷ் ஐ நியூ’, ‘இட்ஸ் டைம் வீ லெஃப்ட்’ போன்றவற்றையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி தேவையில்லை.

இப்போது ஒரே நிகழ்ச்சியை மூன்று தூரத்தில் வைத்துப் பார்ப்போம். ‘இஃப் ஷி கால்ஸ், ஐ வில் டெல் ஹெர்.’ அவள் அழைக்கக்கூடும்; அழைத்தால் சொல்லிவிடுவேன். ‘இஃப் ஷி கால்ட், ஐ வுட் டெல் ஹெர்.’ அவள் எங்கே அழைக்கப்போகிறாள், ஒருவேளை அழைத்தால் சொல்லத்தான் செய்வேன். ‘இஃப் ஷி ஹேட் கால்ட், ஐ வுட் ஹேவ் டோல்ட் ஹெர்.’ அவள் அழைத்திருந்தால் சொல்லியிருப்பேன். அழைக்கவில்லை, சொல்லவும் இல்லை, கதை முடிந்தது. முதல் வாக்கியத்தில் பின்வாங்கலே இல்லை. இரண்டாவதில் ‘கால்ஸ்’ ‘கால்ட்’ ஆகிறது, ‘வில்’ ‘வுட்’ ஆகிறது. மூன்றாவதில் பேச்சே இறந்தகாலத்தைப் பற்றியது. சாதாரண இறந்தகால வடிவம் ஏற்கெனவே விலகலுக்குச் செலவாகிவிட்டதால், இன்னும் ஓரடி பின்னால் போய் ‘ஹேட் கால்ட்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கவனித்தீர்களா, மூன்றாவதுதான் நமக்கு எளிது. ‘அழைத்திருந்தால் சொல்லியிருப்பேன்’ என்று தமிழிலேயே அச்சாக அந்த அமைப்பு இருக்கிறது. ‘இருந்தால்’ வரும் இடத்தில் ‘ஹேட்’, ‘இருப்பேன்’ வரும் இடத்தில் ‘வுட் ஹேவ்’. தேர்ட் கண்டிஷனல் என்றால் கடினம் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உண்மையில் நம்மவர்களுக்கு ஆபத்தானது நடுவில் உள்ள செகண்ட்தான். ‘இஃப் ஐ ஆம் யுவர் பாஸ், ஐ வில் கிவ் யூ லீவ்’ என்று சொல்லிவிடுவது அதனால்தான். மேலதிகாரி இல்லை என்பது சொல்கிறவருக்கே தெரியும். ஆனால் வாக்கியமோ ‘நான் உன் மேலதிகாரியா என்று சரிபார்த்துச் சொல்கிறேன்’ என்பதுபோல் நிற்கிறது. சற்று மெனக்கெட்டவர்கள் அடுத்த தவறுக்குப் போவார்கள்: ‘இஃப் ஐ வுட் பி யுவர் பாஸ்’. இரண்டு பக்கமும் ‘வுட்’ போட்டால் இரட்டிப்பு மரியாதை என்ற எண்ணம்போல. ‘இஃப் ஐ வேர் யுவர் பாஸ், ஐ வுட் கிவ் யூ லீவ்’ என்பதே சரி.

ஜீரோ கண்டிஷனலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்.’ எப்போதும் நடப்பது, இரண்டு பக்கமும் நிகழ்காலம். ‘இஃப்’ இருக்கும் இடத்தில் ‘வென்’ போட்டாலும் பொருள் கெடவில்லை என்றால் அது ஜீரோ.

மிக்ஸ்டு என்று தனியாக ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். இரண்டு பகுதிகளும் வெவ்வேறு காலத்தைப் பற்றியவை, அவ்வளவுதான். ‘இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி ரிச் நவ்.’ வேலையை ஏற்காதது அன்று. பணக்காரனாக இல்லாதது இன்று. திருப்பியும் வரும்: ‘இஃப் ஐ வேர் பிரேவர், ஐ வுட் ஹேவ் ஸ்போக்கன் அப்.’ தைரியமின்மை எப்போதும் உள்ள குணம். பேசாமல் இருந்தது அன்றைய நிகழ்ச்சி. ஒவ்வொரு பகுதிக்கும் அதனதன் காலத்தைக் கேட்டு வடிவம் கொடுத்தால் மிக்ஸ்டு தானாக வந்துவிடும்.

‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ கூடாது என்ற விதிக்கு வருவோம். எதிர்காலத்தில் நடப்பதை மட்டும் சொல்வதென்றால் விதி சரி: ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘இஃப் இட் வில் ரெய்ன்’ அல்ல. ஆனால் ‘வில்’ என்பதற்கு எதிர்காலம் மட்டும் பொருள் அல்ல. மனம் ஒப்புதல், பிடிவாதம் என்ற பொருள்களும் உண்டு. ‘இஃப் யூ வில் வெயிட் எ மொமென்ட், ஐ வில் செக்’ என்று வரவேற்பு மேசையில் சொல்கிறார்கள். அங்கே ‘வில்’ என்றால் ‘தயவுசெய்து காத்திருக்கச் சம்மதித்தால்’. ‘வுட்’ என்று மாற்றினால் இன்னும் பணிவு: ‘இஃப் யூ வுட் ஜஸ்ட் சைன் ஹியர்.’ இதற்கு நேர்மாறாக, ‘இஃப் யூ வில் ஸ்டே அப் ஆல் நைட், நோ வொண்டர் யூ ஆர் டயர்ட்’ என்று ‘வில்’லை அழுத்தி உச்சரித்தால், ‘சொன்னால் கேட்காமல் ராத்திரி முழுக்க விழித்திருந்தால்’ என்ற கண்டிப்பு வந்துவிடும். மூன்றாவது, நிபந்தனையே ஒரு விளைவாக இருக்கும்போது: ‘இஃப் இட் வில் ஹெல்ப், ஐ வில் கம் வித் யூ.’ நான் கூட வருவதால்தான் உதவியே விளையும். அதாவது காரியங்கள் நடக்கும் வரிசையில் ‘இஃப்’ பகுதி பின்னால் வருகிறது. அங்கே ‘வில்’ இயல்பு.

இவற்றைவிடப் பெரிய குழப்பம் வேறிடத்தில். ‘ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்.’ இதைப் பார்த்ததும் ‘இஃப் பக்கத்தில் வில்லா?’ என்று திருத்தக் கை பரபரக்கும். திருத்தாதீர்கள். இது நிபந்தனை வாக்கியமே அல்ல. ‘அவர் வருவாரா என்று தெரியவில்லை’ என்பதில் ‘வருவாரா’ என்ற கேள்விதான் ‘இஃப்’ ஆகியிருக்கிறது. அந்த இடத்தில் ‘வெதர்’ (whether) என்று போட்டுப் பார்த்தால் பொருந்தும். தமிழில் ‘ஆ என்று’ வந்தால் ஒரு ‘இஃப்’, ‘ஆல்’ வந்தால் வேறு ‘இஃப்’. ‘ஆல்’ வரும் இஃப்புக்குத்தான் ‘வில்’ தடை. இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

‘வாஸ்’, ‘வேர்’ விவகாரம். நிஜமில்லாததைச் சொல்லும்போது ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ எல்லாவற்றுக்கும் ‘வேர்’ போடுவது பழைய வழக்கம். ‘பி’ என்ற இந்த ஒரு வினையில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சில் ‘இஃப் ஐ வாஸ் ரிச்’ என்பது பல தலைமுறைகளாகப் புழங்குகிறது; யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். தேர்விலும் விண்ணப்பத்திலும் ‘இஃப் ஐ வேர்’ என்று எழுதிவிடுங்கள், வம்பில்லை. ‘இஃப் ஐ வேர் யூ’ என்பது மட்டும் பேச்சிலும் பெரும்பாலும் ‘வேர்’தான், அது தேய்ந்து கெட்டிப்பட்ட தொடர்.

ஆனால் ‘வேர்’தான் படித்தவர் பேச்சு என்று நம்பி எல்லா இடத்திலும் நுழைப்பவர்கள் உண்டு. ‘இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ அப்பாலஜைஸ்.’ நேற்று நான் மரியாதைக் குறைவாக நடந்திருந்தால் மன்னிக்கவும். இது கற்பனையல்ல, நடந்திருக்கக்கூடிய நேற்றைய விஷயம். இங்கே ‘வாஸ்’ நிஜமான இறந்தகாலம். ‘வேர்’ என்று மாற்றினால் தவறு. மன்னிப்பே ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

‘வுட்’ பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் எழுதும் மெயில்களில் அதிகம் சேதம் விளைவிப்பது இதுதான். ‘வில்’லின் மரியாதையான வடிவம் ‘வுட்’ என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கேள்வி கேட்கும்போது அது உண்மை: ‘வுட் யூ’ பணிவானது. ஆனால் உறுதி சொல்லும் வாக்கியத்தில் ‘வுட்’ போட்டால் பணிவு வராது, சந்தேகம்தான் வரும். நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பதிலில் ‘ஐ வுட் அட்டெண்ட் தி இன்டர்வியூ ஆன் மண்டே’ என்று எழுதுகிறார் ஒருவர். படிப்பவர் காதில் அது பாதி வாக்கியமாக விழுகிறது, ‘வருவேன், ஆனால்...’ என்று மீதியைத் தேடுவார். வருகிறாரா இல்லையா? ‘ஐ வில் அட்டெண்ட்’ என்று எழுதியிருந்தால் முடிந்தது. ‘வுட்’ வந்தாலே எங்கோ ஒரு ‘இஃப்’ ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது ஆங்கிலக் காது. ‘ஐ வுட் பி ஹேப்பி டு அட்டெண்ட்’ என்பது சரியாக ஒலிப்பதும் அதனால்தான். ‘நீங்கள் அழைத்தால்’ என்ற நிபந்தனை சொல்லாமலே அதில் இருக்கிறது.

இனி பேச்சில் காதுக்கு எட்டாமல் போகும் விஷயங்கள். ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்று யாரும் நிறுத்தி நிதானமாகப் பேசுவதில்லை. ‘இஃப் ஐட் நோன், ஐடவ் கம்’ என்று உருண்டோடிவிடும். முதல் ‘ஐட்’டில் ஒளிந்திருப்பது ‘ஹேட்’, இரண்டாவதில் ‘வுட்’. பின்னால் வரும் வினைதான் அடையாளம். ‘நோன்’, ‘சீன்’, ‘டன்’ போன்ற வடிவம் வந்தால் ‘ஹேட்’. ‘நோ’, ‘சீ’, ‘டூ’ என்று வெறும் வினையோ, ‘ஹேவ்’வோ அதன் தேய்ந்த ஒலியோ வந்தால் ‘வுட்’. இப்படித் தேய்ந்த ‘வுட் ஹேவ்’ தான் ‘வுட் ஆஃப்’ என்று பலர் எழுதும் எழுத்துப்பிழைக்கும் வழிவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே எழுதுகிறார்கள், நாம் எழுதவேண்டாம். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்ற வடிவமும் அமெரிக்கப் பேச்சில் சர்வசாதாரணம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள்; எழுத்தில் ‘ஹேட் நோன்’ என்றே வையுங்கள்.

‘இஃப்’ இல்லாமலே நிபந்தனை பேசுவதும் தினசரி நடப்பது. ‘டச் தட் அண்ட் யூ வில் பி சாரி’ என்றால் ‘தொட்டால் வருத்தப்படுவாய்’. ‘ஹரி அப் ஆர் வீ வில் மிஸ் த டிரெய்ன்’ என்றால் ‘சீக்கிரம் கிளம்பு, இல்லாவிட்டால் ரயிலை விட்டுவிடுவோம்’. ‘யூ பிரேக் இட், யூ பே ஃபார் இட்’ என்பதில் இணைப்புச் சொல்லே இல்லை. விளையாட்டு வர்ணனையில் இன்னொரு வேடிக்கை: வீரர் கோலைத் தவறவிட்டு அரை நிமிடம் ஆகியிருக்கும், வர்ணனையாளர் ‘இஃப் ஹி ஸ்கோர்ஸ் தட், இட்ஸ் ஆல் ஓவர்’ என்பார். பொருள் ‘இஃப் ஹி ஹேட் ஸ்கோர்ட்’ தான். நடந்து முடிந்ததைக் கண்முன் நிறுத்திப் பேசுவதால் நிகழ்காலம். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பினால் இது ஃபர்ஸ்ட் கண்டிஷனலாகத் தெரியும்.

நிபந்தனைபோல் தோற்றமளித்து, நிபந்தனையே இல்லாத வாக்கியங்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1956-இல் ஆற்றிய ஓர் உரையில் இதைச் சுட்டிக்காட்டினார். அவர் எடுத்த உதாரணம்: வேண்டுமென்றால் அலமாரிமேல் பிஸ்கட் இருக்கிறது. நமக்கு வேண்டாம் என்றால் பிஸ்கட் மறைந்துவிடுமா? இருக்கத்தான் செய்யும். ‘வேண்டுமென்றால்’ என்பது பிஸ்கட் இருப்பதற்கான நிபந்தனை அல்ல, அதைச் சொல்வதற்கான சாக்கு. இன்றும் இந்த வகைக்கு ‘பிஸ்கட் கண்டிஷனல்’ என்றே பெயர். இங்கே ‘தென்’ போட்டால் வாக்கியம் கெட்டுவிடும் என்பது பயன்படும் குறிப்பு. சொல்லப்போனால் பொதுவாகவே ஆங்கிலப் பேச்சில் ‘இஃப்’ வந்த இடத்திலெல்லாம் ‘தென்’ போடவேண்டியதில்லை. கணித நிரூபணம் வாசிப்பதுபோல் ஒலிக்கும்.

அலுவலகக் கடிதங்களுக்கு மட்டும் தேவையான ஒன்று: ‘இஃப்’பை எடுத்துவிட்டுத் துணைவினையை முன்னால் போடுவது. ‘ஷுட் யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ், பிளீஸ் ரைட் டு அஸ்’. ‘ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் ஆக்டட் சூனர்’. ‘வேர் த பிளான் டு ஃபெயில், வீ வுட் லூஸ் எவ்ரிதிங்.’ மூன்றே சொற்களுக்குத்தான் இந்தச் சலுகை: ‘ஷுட்’, ‘ஹேட்’, ‘வேர்’. எதிர்மறையில் ‘நாட்’ தனியாக நிற்கவேண்டும். ‘ஹேட் ஐ நாட் நோன்’ உண்டு, ‘ஹேடன்ட் ஐ நோன்’ கிடையாது. நண்பர்களிடம் இப்படிப் பேசினால் சிரிப்பார்கள்.

கடைசியாக இரண்டு சொற்கள். ‘அன்லெஸ்’ என்பதை ‘இஃப் நாட்’ என்றே பாடம் செய்திருப்பீர்கள். அது விதிவிலக்கைச் சொல்லும் சொல்: ‘ஐ வில் கோ அன்லெஸ் இட் ரெய்ன்ஸ்’, மழை பெய்தாலொழியப் போவேன். ‘ஐ வில் பி சாட் அன்லெஸ் யூ கம்’ என்று எழுதினால், ‘நான் சோகமாகத்தான் இருக்கப்போகிறேன், நீ வந்தால் மட்டும் விதிவிலக்கு’ என்று ஆகிவிடும். நீங்கள் சொல்ல நினைத்தது ‘இஃப் யூ டோன்ட் கம்’. இன்னொன்று ‘இன் கேஸ்’. ‘டேக் அன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்றால் மழை வந்தபிறகு குடையை எடுக்கவேண்டும். ‘டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெய்ன்ஸ்’ என்றால் மழை வந்தாலும் வரும் என்று இப்போதே எடுத்துக்கொள்ளவேண்டும். இங்கேயும் எதிர்காலத்துக்கு ‘ரெய்ன்ஸ்’ தான், ‘வில் ரெய்ன்’ அல்ல.